மூத்தவளைப் பிணைவைத்துப் பூங்காவுக்குப் போன அம்மாவுக்கு

ஆசை அம்மாவுக்கு,

உங்களை இப்படிக் கூப்பிட்டு எட்டு வருடமாகிவிட்டது. எழுதும்போது கை கூசுகிறது. செத்தவர்களுக்கு எழுதுவதென்றால் ஆசையாகத்தான் தொடங்கவேண்டும் என்று மாமி பக்கத்தில் இருந்து சொல்கிறார். அவருக்காகத்தான் அந்தச் சொல்லைப் போட்டேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் போன செய்தி இங்கே வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. தம்பி பிரான்சிலிருந்து எழுதிய கடிதம் கொழும்புக்கு வந்து, வவுனியாவில் யாரோ ஒருவரின் கடையில் கிடந்து, பிறகு ஒருவரின் சைக்கிளில் ஏறி அக்கராயனுக்கு வந்தபோது உங்கள் முப்பத்தொராம் நாள் காரியமும் முடிந்துபோயிருந்தது. மாமி முற்றத்தில் குந்தியிருந்து தலையில் அடித்து அழுதார். அப்பா மலேரியாவில் செத்த நாளிலிருந்து 'கூடப்பிறந்தவனைத் திண்ட மூதேவி' என்றுதானே உங்கள் மச்சாளுக்கு நீங்கள் பெயர் வைத்திருந்தீர்கள்? அந்த மூதேவிதான் உங்களுக்காக அழுதது. நான் சோறு குழைந்துவிடும் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

கடிதத்துக்குப் பின்னால் உண்டியல்காரர் மூலம் காசும் வந்தது. உங்கள் பெயரில் கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றவேண்டுமாம். ஐயருக்கு வேட்டி சால்வை, நூறு பேருக்குச் சாப்பாடு, பாயசத்துக்குக் கஜுவும் முந்திரிகை வற்றலும். நீங்கள் மிச்சம்பிடித்து வைத்த காசில் தாராளமாக அனுப்பியிருக்கிறான் உங்கள் பதினாலு வயது மகன். இங்கே மனிதர் சீனிக்கே வரிசையில் நிற்கிறார்கள், அவனுக்குக் கஜு.

அம்மா, நான் ஐயரிடம் போகவில்லை. அந்தக் காசில் பூங்காவுக்குப் போகப் போகிறேன். ராட்டினம் ஏறுவதற்கு. ஓம், அதே பூங்காதான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, அது எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று? நாங்கள் அப்போது உருத்திரபுரத்தில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு, தம்பிக்கு ஆறு. சங்கக்கடையில் சீனி சுற்றித் தந்த பேப்பர்த் தாளில் ஒரு விளம்பரம். கொழும்புக்குப் பக்கத்தில் பெரிய விளையாட்டுப் பூங்கா. ஒரு தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள் ஒரு வள்ளத்தில் இருந்தபடி மேலேயிருந்து தண்ணீருக்குள் விழுகிறார்கள். நாலு பேருக்கும் வாய் அகலத் திறந்திருந்தது.

"அக்கா, இவை ஏன் தண்ணிக்குள்ள விழுகினம்?" என்று தம்பி பயந்துபோய்க் கேட்டான்.

"காசு குடுத்து விழுகினமடா."

"காசு குடுத்தோ? விசரோ இவைக்கு?"

அவன் அன்று முழுக்க அந்தத் தாளை விடவில்லை. நானும்தான். இரவில் தலைக்கு மேலே விமானம் சுற்றும், பகலில் மண்ணெண்ணெய்க்கு அலைவோம், அந்த மனிதர்கள் மட்டும் சிரித்துக்கொண்டே விழுந்துகொண்டிருந்தார்கள். நான் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் பயணத்துக்குக் கணக்குப் போடத் தொடங்கினேன். தாண்டிக்குளம் வரைக்கும் பஸ், அங்காலே நடை, வவுனியாவிலிருந்து மூன்றாம் வகுப்பு ரயில். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை, தம்பி நிலத்தில் படுப்பான். முதல்நாள் சாப்பாட்டுக்குப் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போவது. பூங்காவுக்குள் போக ஒரு காசு, ஒவ்வொரு விளையாட்டுக்கும் வேறு காசு.

வரவுப் பக்கத்தில் நாலு மூட்டை நெல்லும், பத்துக் கோழியும், நாம்பன் கன்றும். செலவுக்கு அது போதவில்லை. அதனால் வெட்டிக்கொண்டே வந்தேன். கண்ணாடி அறையை வெட்டினேன், எங்கள் முகம் வீட்டுக் கண்ணாடியிலும் கோணலாகத்தான் தெரியும். குதிரை ராட்டினத்தை வெட்டினேன். மூன்று சோடாவை ஒன்றாக்கினேன். அப்படியும் துண்டு விழுந்தது. கடைசியில் உங்களுடைய விளையாட்டு ரிக்கற்றை வெட்டினேன். நீங்கள் கீழே நின்று செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினேன்.

அதை நீங்கள் கண்டுவிட்டீர்கள். சரி, அகப்பைக் காம்பால் அடிதான் என்று முதுகை நெளித்துக்கொண்டு நின்றேன். நீங்களோ கைவிளக்கைக் கிட்டே இழுத்து, எனக்குப் பக்கத்தில் இருந்து, எல்லாவற்றையும் வாசித்தீர்கள். என் தோளோடு உங்கள் தோள் முட்டியது. அப்படி நீங்கள் எனக்குப் பக்கத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

"கன்றை மட்டும் ஏன் விப்பான்? பசுவையும் விப்பம்," என்றீர்கள்.

"பசுவையோ அம்மா? பிறகு பாலுக்கு?"

"போறது போறம், வடிவாப் போவம்."

பசுவை விற்று ராட்டினம் ஏறும் குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று எனக்குப் பெருமை தலைக்கேறியது. வெட்டிய குதிரை ராட்டினத்தைத் திரும்ப எழுதினேன். உங்களுக்கும் ஒரு ரிக்கற் போட்டேன். அந்த இரவிலேயே உங்கள் மனதில் வேறு கணக்கு இருந்ததா, அம்மா? இல்லாவிட்டால் கொழும்பில் வைத்துத்தான் புத்தி மாறியதா? எட்டு வருடமாகக் கேட்கிறேன். இனிக் கேட்டும் பலனில்லை.

என் கணக்கில் ஒரு பெரிய பிழை இருந்தது. மூன்று பேருக்கு ரிக்கற் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், குடும்ப அட்டையில் இருக்கிற எல்லோரையும் ஒன்றாக இயக்கம் எங்கள் பகுதியை விட்டு வெளியே விடாது என்று. ஒருவர் பிணையாகப் பின்னால் நிற்கவேண்டும். போனவர்கள் திரும்பி வராவிட்டால் நின்றவருக்கு வெளியே போகப் பாஸ் இல்லை. ஊருக்கே தெரிந்த சட்டம், ராட்டின ஆசையில் எனக்கு மறந்துபோனது.

இயக்கம் பாஸ் கொடுக்கும் கந்தோரில் நாங்கள் மூவரும் வாங்கில் இருந்தோம். தம்பியின் கண்ணைக் காட்டக் கொழும்புக்குப் போவதாக நீங்கள் சொன்னீர்கள். மேசைக்கு அங்கால் இருந்தவர் அட்டையை விரித்துப் பார்த்தார்.

"மூண்டு பேர். ஆர் பிணை?"

"வேற பெரிய ஆக்கள் இல்லை, அண்ணை."

"அப்ப பிள்ளையளில ஒண்டு நிக்கட்டும். எந்தப் பிள்ளையில உங்களுக்குக் கூடப் பட்சம்? உள்ளதைச் சொல்லுங்கோ. பட்சமில்லாததை விட்டிட்டுப் போனவை திரும்பி வரேல்லை. கனபேரைப் பாத்திட்டம்."

நீங்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. என் தலையில் கையை வைத்தீர்கள்.

"மூத்தவளிலதான். இவள் இல்லாட்டி எனக்கு ஒரு வாய் தண்ணியும் இறங்காது."

"பொடியன்?"

"அவன் சரியான குழப்படி. இவள்தான் என்ர உயிர்."

அவர் அதை எழுதினார். உண்மையாகவே எழுதினார், நான் எட்டிப் பார்த்தேன். பிள்ளைக்குச் சம்மதமா என்று கேட்டபோது நான் இரண்டு தரம் ஓம் சொன்னேன். பூங்கா போய்விட்டதே என்று எனக்கு ஒரு சொட்டுக் கவலையும் வரவில்லை. ராட்டினம் என்ன பெரிய ராட்டினம்! என் அம்மா என்னை உயிர் என்று சொல்லிவிட்டார், அதுவும் அரசாங்கம் மாதிரி ஒரு மேசைக்கு முன்னால். வரும்போது சைக்கிள் கரியரில் இருந்து உங்கள் முதுகிடம் கேட்டேன்.

"உண்மையாவோ அம்மா?"

"அலட்டாமல் இறுக்கிப் பிடி."

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நெடுங்கேணியில் இருந்து மாமியை எனக்குத் துணைக்குக் கூப்பிட்டீர்கள். வேறு ஆள் கிடைக்காத அந்தரம், இல்லாவிட்டால் மூதேவியைப் படலைக்குள் விடுவீர்களா? கோழியை அடை, கிணற்றடியில் விளையாடாதே, பத்து நாளில் வாறன், சட்டைத்துணி கொண்டுவாறன் என்று சொல்லி, கோடாலிக்கொண்டை போட்டுக்கொண்டு போனீர்கள். தம்பி அந்தப் பேப்பர்த் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். பஸ் போனதும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லோரிடமும் அளந்தேன்.

"எங்கட அம்மாவுக்கு என்னிலதான் பட்சம். கந்தோரில எழுதியே கிடக்கு."

என்னோடு படித்த ஒருத்தி வீட்டுக்குப் போய், தன் அம்மாவுக்கு யாரில் பட்சம் என்று கேட்டு அடி வாங்கினாளாம்.

பத்தாம் நாள் வரவில்லை. ரயில் பிந்தியிருக்கும் என்றார் மாமி. அடுத்த கிழமை, தம்பிக்குக் காய்ச்சலாக இருக்கும் என்றார். அதற்கடுத்த கிழமை ஒன்றும் சொல்லாமல் நெடுங்கேணிக்குப் போய்த் தன் இரண்டு சேலையையும் சட்டிபானையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நீங்கள் வரும்போது வீடு அழுக்காகக் கிடக்கக்கூடாது என்று ஒவ்வொரு வெள்ளியும் சாணி போட்டு மெழுகினேன். நல்ல விசரி.

அரை வருடம் கழித்துப் பாரிசிலிருந்து கடிதம் வந்தது. தம்பி சின்னப்பிள்ளை, இந்தச் சண்டைக்குள் அவனை வளர்க்கமுடியாது, நீ விளங்குகிற பிள்ளை, ஆறுதலாகப் பிறகு உன்னையும் இங்கே எடுப்போம். அவ்வளவுதான். பூங்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு மாமியிடம், "அப்ப அவை ராட்டினம் ஏறினவையோ இல்லையோ?" என்று கேட்டேனாம். மாமி இப்போதும் அதைச் சொல்லிச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பார்.

யோசித்துப் பார்த்தேன் அம்மா. பட்சமான பிள்ளையைக் காட்டச் சொன்னபோது நீங்கள் விடக்கூடிய பிள்ளையைக் காட்டினீர்கள். நான் அதை விருது மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன். எத்தனை கெட்டிக்காரி நீங்கள்! ஆனால் சில நேரம் இன்னொரு எண்ணம் வரும். ஒருவேளை நீங்கள் சொன்னது உண்மையாகவே இருந்து, உண்மையாகவே என்னில்தான் கூடப் பட்சம் இருந்து, அப்படியிருந்தும் விட்டுவிட்டுப் போயிருந்தால்? அது இன்னும் மோசம். அதனால் பொய் என்றே வைத்துக்கொண்டேன். பொய்யென்றால் நித்திரை வரும்.

கிளிநொச்சிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த நாளில், நாங்களும் உருத்திரபுரத்தை விட்டு அக்கராயனுக்கு வரும் வழியில் வாய்க்கால் கரையில் ஷெல் விழுந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை, இடது காதால் மட்டும் இரத்தம் வந்தது. பிறகு சீழ் வந்தது, பிறகு இரவு பகலாக இரைச்சல். வவுனியாவுக்குக் கொண்டுபோனால் காப்பாற்றலாம் என்று டொக்ரர் துண்டு எழுதித் தந்தார். மாமி என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தோருக்குப் போனார்.

"இவ பிணையில நிக்கிறா. விடேலாது," என்றார்கள்.

"பிள்ளைக்குக் காது போகப்போகுது, ராசா."

"விளங்குது அம்மா. சட்டம் அப்பிடி. தாய் வந்து கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டித் தாயின்ர மரணப் பத்திரம் வரவேணும். ரெண்டில ஒண்டு இல்லாமல் இந்தப் பேரை வெட்டேலாது."

காது போய்விட்டது. இப்போது என்னோடு பேசுகிறவர்கள் வலது பக்கம் வந்துதான் பேசவேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன கதை நல்ல காதால் உள்ளே போய் அங்கேயே இருந்துவிட்டது. நீங்கள் வரவேண்டும், இல்லாவிட்டால் சாகவேண்டும். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு இருந்தேன் அம்மா. முதலில் வருவீர்கள் என்று பார்த்தேன். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு எது வந்தாலும் சரி என்று பார்த்தேன். உங்கள் கையெழுத்தில் கடிதம் வரும் நாட்களில், இந்த மனுசி இன்னும் இருக்கிறதா என்றுதான் முதலில் நினைப்பேன். பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுதலாமா என்று ஊர் கேட்கும். ஊருக்கு இரண்டு காதும் கேட்கிறது.

தம்பி ஒருதரம் படம் அனுப்பியிருந்தான். அங்கேயும் ஒரு பூங்கா, கொழும்புப் பூங்காவை அதற்குள் பத்துத் தரம் வைக்கலாம். அவன் ஏதோ ஒரு பொம்மையின் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறான், நீங்கள் கொஞ்சம் தள்ளிப் பையோடும் சப்பாத்தோடும் நிற்கிறீர்கள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அங்கேதானாம். 'போய்ப் போய் அலுத்துப்போச்சு அக்கா' என்று பின்னால் எழுதியிருந்தான். அவனில் எனக்குக் கோபமில்லை. ஆறு வயதில் அவனுக்கு என்ன தெரியும்? இப்போதும் என்ன தெரியும்?

சரி, இந்த மாத நியூசுக்கு வருகிறேன். தம்பியின் கடிதத்துக்குள் உங்கள் மரணப் பத்திரத்தின் பிரதி இருந்தது. வயிற்றில் கட்டியாம், கடைசியில் சரியாகக் கஷ்டப்பட்டீர்களாம். வாசித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இழுத்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த நாள் விடியவே பத்திரத்தை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போய்விட்டேன், அதிலும் பொய் சொல்லமாட்டேன்.

மேசையில் இப்போது ஒரு சின்னப் பொடியன். பத்திரத்தை மேலும் கீழும் திருப்பினான்.

"இது என்ன பாஷை அக்கா?"

"பிரெஞ்சு."

"இதில செத்தது எங்க எழுதிக்கிடக்கு?"

"எனக்கென்ன தெரியும்? சீல் குத்திக்கிடக்கு. செத்திருப்பா."

அவன் உள்ளே போய் யாரிடமோ காட்டிவிட்டு வந்து, பழைய கட்டுக்குள் தேடி என் தாளை எடுத்தான். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். அவ்வளவுதான் அம்மா. நீங்கள் உயிரோடு இருந்து எட்டு வருடமாகச் செய்யாததைச் செத்துச் செய்துவிட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கமுடியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று வயிறு நோகச் சிரித்தேன், பிறகு பார்த்தால் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

திரும்ப உள்ளே போய்ப் பாஸ் கேட்டேன். எங்கே என்றான். கொழும்புக்கு, பூங்காவுக்கு, ராட்டினம் ஏற என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காதுக்கு மருந்தெடுக்க எண்டு எழுதுறன் அக்கா," என்றான். நல்ல பிள்ளை.

புதுக் கணக்குப் போட்டிருக்கிறேன். கூட்டிக் கழிக்க வசதியாக உங்கள் மோட்சக் காசையே வரவில் வைத்தேன். ஐயரின் வேட்டி சால்வைதான் ரயில். நூறு பேரின் சாப்பாட்டில் லொட்ஜ், நுழைவு, எல்லா விளையாட்டும், ஒன்றையும் வெட்டவில்லை. கஜுவில் சோடா. மிச்சத்தில் மாமிக்கு ஒரு சோடிச் செருப்பும், கால் வீக்கத்துக்கு மருந்தும். உங்கள் மோட்ச விளக்கைத் தம்பி வந்து ஏற்றட்டும். அவன் ஆம்பிளைப் பிள்ளை, அவன் ஏற்றினால்தானே உங்களுக்கும் பிடிக்கும்?

ஆனால் பாஸ் என்றால் பிணை வேண்டுமே. என் அட்டையில் இப்போது இருக்கிற பெயர் இரண்டு, என்னுடையதும் மாமியுடையதும். மாமியை எப்படிப் பிணைக்குக் கேட்பது? இந்த மனுசிக்குக் கால் வீங்கிக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளமுடியாது. நான் வராவிட்டால் வவுனியா ஆஸ்பத்திரிப் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கமுடியாது. என் காதின் கதை அவருக்குத் தெரியும், அவர்தானே என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர். நான் கேட்கவில்லை. அவரே சேலையை மாற்றிக்கொண்டு வந்து என் சைக்கிள் கரியரில் ஏறிவிட்டார்.

பொடியன் எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டான்.

"அம்மா, இவ திரும்பி வருவாவோ? வராட்டி உங்களுக்கு ஒரு இடமும் போகேலாது, தெரியுமோ?"

"வராட்டிலும் பறவாயில்லை. எழுது தம்பி."

அவன் பேனையை வைத்துவிட்டான். "அப்பிடிச் சொல்லப்படாது அம்மா. வருவா எண்டு சொல்லவேணும்."

"அவள் போகவேணும் எண்டுதான் நான் வந்தனான். வாறதைப் பற்றி நீ என்னட்டைக் கேளாதை."

வீட்டுக்கு வந்ததும் தன் தோட்டைக் கழற்றி ஒரு துண்டுச் சீலையில் முடிந்து என் பைக்குள் வைத்தார். கொழும்பில் விற்று, தம்பிக்கு ரெலிபோன் எடுத்து, ஏஜென்சியைப் பிடித்து அங்காலே போய்விடட்டுமாம். நான் அதை எடுத்துத் திரும்ப அவர் காதில் பூட்டினேன். "அறுவாளே, உனக்கொரு புத்தி வராதோ? போனால் அங்கயே நில்லன்," என்று விழுந்து விழுந்து ஏசினார். அவர் என் இடது பக்கம் நின்று ஏசியதால் பாதி எனக்குக் கேட்கவில்லை.

விடியப் புறப்படுகிறேன். ராட்டினம் உச்சிக்குப் போகும்போது உங்களை நினைப்பேன் என்று எதிர்பார்க்கவேண்டாம், பயத்தில் யாரும் யாரையும் நினைப்பதில்லை. அந்த வள்ளத்தில் ஏறி வாய் அகலத் திறந்துகொண்டு விழுவேன். சோடா குடிப்பேன். பிறகு ரயில் ஏறுவேன்.

பாஸில் போட்டிருக்கிற நாளில் நான் திரும்பி வந்து மாமியின் முற்றத்தில் நிற்பேன், அம்மா. இது உங்களுக்குச் செய்து தருகிற சத்தியம். மாமி என்னிடம் சத்தியம் எதுவும் கேட்கவில்லை.

நீங்கள் பெற்று, மாமி வளர்த்த
உங்கள் மூத்தவள்,
வதனி
அக்கராயன்